நிகில் பேசுகிறேன்

ஹெலன் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. என் மேனேஜர் நந்தகோபால் சுவரில் ஓட்டுகிற ஸ்லைடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் வாசலில் வைத்துவிட்ட சந்தனமும் குங்குமமும் அவர் நெற்றியில் காய்ந்து மூக்கின் மேல் உதிர்கிறது, யாராவது சொன்னால் தேவலை, யாரும் சொல்ல மாட்டார்கள், க்ளையன்ட் முகத்தில் எது ஒட்டியிருந்தாலும் லட்சணம்தான். ஐந்தாம் மாடி கான்ஃபரன்ஸ் அறை. ஏசியில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் கழுத்துக்குக் கீழே வேர்க்கிறது. என் அடையாள அட்டை பேன்ட் பைக்குள் கிடக்கிறது. இன்றைக்குக் கழுத்தில் மாட்டாதே என்று நந்தகோபால் நேற்றே சொல்லிவிட்டான். அதில் தளவாய் என்று போட்டிருக்கிறது, ஹெலனுக்குத் தளவாய் என்று யாரையும் தெரியாது. நாலு வருஷமாக அவரோடு அநேகமாக தினமும் போனில் பேசுகிறேன். ஹாய் ஹெலன், நிகில் பேசுகிறேன். இன்று காலை முதல்முறையாக நேரில் பார்த்தபோதும் அதையேதான் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உன் குரலை வைத்து நீ இன்னும் குண்டாக இருப்பாய் என்று நினைத்தேன் என்றார். நான் சிரித்தேன். பன்னீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்ற எங்கள் டீம் ஷகீலா இருமினாள். இந்த ஸ்லைடுகள் முடிந்ததும் ஹெலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்கப்போகிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நந்தகோபால் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லியிருக்கிறான். அதைச் சொல்வதா வேறெதையாவது சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சுவரில் இப்போது ஒரு வரைபடம், பச்சை அம்பு மேலே போகிறது. எங்கள் கம்பெனியில் எந்த அம்பும் கீழே போய் நான் பார்த்ததில்லை. 'டீம் ஸ்ட்ரென்த்' என்கிறான் நந்தகோபால், கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டுகிறான், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். இருக்கைகள் நிறைந்திருக்கின்றன. அதில் பாதிப் பேரை எனக்கே தெரியாது. ப்ராஜெக்ட் இல்லாமல் இரண்டாம் மாடியில் பெஞ்சில் கிடந்தவர்களை நேற்று சாயங்காலம் தேடிப் பிடித்து, நாளைக்கு ஃபார்மல் டிரஸ்ஸில் வாருங்கள், ஸ்கிரீனில் கறுப்பாக எதையாவது திறந்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார்கள். பாவம், தட்டுகிறார்கள். நிஜமாகவே வேலை செய்கிற பதினாலு பேர் எழுந்து டீ குடிக்கக்கூடப் பயந்து போய் இருக்கிறார்கள். இந்தத் தொழிலே இப்படித்தான், வேலை செய்வது ஒரு வேலை, வேலை செய்வதுபோல் காட்டுவது இன்னொரு வேலை, இரண்டாவதுக்குத்தான் பிரமோஷன். நிகில் என்கிறவன் கோழிக்கோட்டுப் பையன், நல்ல பையன்தான், ஹெலன் கம்பெனி வேலையைப் பார்க்கிற இந்த அக்கவுன்ட்டில் மொத்தம் இரண்டு மாதம் இருந்தான், பெங்களூரில் நல்ல இடம் கிடைத்ததும் போய்விட்டான். ஒப்பந்தப்படி ஆள் மாறினால் க்ளையன்ட்டுக்குச் சொல்ல வேண்டும், புது ஆளை அவர்கள் இன்டர்வியூ செய்ய வேண்டும், புது ஆளின் முதல் மாதத்துக்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். "ஒரு மாசம் ஃப்ரீயா? நாம என்ன தர்மசத்திரமா நடத்தறோம்?" என்றான் நந்தகோபால். "தளவாய், ஒரு ரெண்டு வாரம் நிகில் பேர்ல போன் காலை எடுத்துக்கோ. கேமரா கிடையாது, அந்தம்மா அவன் மூஞ்சியைப் பாத்ததில்ல. அப்புறமா முறைப்படி மாத்திக்கலாம்." ரெண்டு வாரம் என்றுதான் சொன்னான். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன், நமக்கும் ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன், நன்றாகச் செய்தால் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்கள். ஹெலன் பார்த்தார். நிகில் பிரமாதம் என்று மெயில் எழுதினார். அந்த மெயில் வந்த பிறகு நிகிலை எடுக்கவே முடியாமல் போய்விட்டது.

ஷேடோ என்று எங்களிடம் ஒரு பதவி உண்டு. வேலை செய்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகுகிறவன், அவனுக்கு க்ளையன்ட் காசு தர மாட்டான், கம்பெனிதான் சோறு போடும். கம்பெனிக் கணக்கில் நான் நாலு வருஷமாக ஷேடோ. பெங்களூரில் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு சென்னையில் நான் நிழல், இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள். அப்ரைசலுக்குப் போனால் எச்.ஆர் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள், "தளவாய், நாலு வருஷமா உங்க பேர்ல பில்லிங்கே காட்டலையே, ஸ்கில் அப்டேட் பண்ணலாமே?" பக்கத்தில் நந்தகோபால் உத்தரத்தைப் பார்க்கிறான். நான் என்ன சொல்ல. அம்மா தாயே, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வீடு எரிந்தவனுக்கும் கார் நசுங்கியவனுக்கும் ராத்திரி தூங்கி எழுவதற்குள் பணம் போகிறதே, அது போவதற்கு ப்ரோக்ராம் எழுதினது நான், அது நின்றால் ஹெலன் முதலில் கூப்பிடுவது என்னைத்தான், அதாவது நிகிலைத்தான். சொல்லவில்லை. நாலு தடவையும் அதே ரேட்டிங், எதிர்பார்ப்பை ஓரளவு பூர்த்தி செய்கிறார். ஹெலனின் கம்பெனி போன வருஷம் நிகிலுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை அனுப்பியது, பேர் பொறித்து. நிகில் எங்கள் ஊழியரே இல்லையே, மேடையில் யாரைக் கூப்பிடுவது, ஆகவே அது டீமுக்கு வந்த மரியாதை என்று நந்தகோபால் வாங்கிக்கொண்டான். அவன் மேஜையில் இருக்கிறது, அதில் கார் சாவியைப் போட்டுவைப்பான். வெளியே போய்விடலாம் என்று இன்டர்வியூவுக்கும் போனேன். துரைப்பாக்கத்தில் ஒரு பையன், காதில் கடுக்கன், என் ரெஸ்யூமைப் புரட்டிவிட்டு, சார், இந்த மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் எல்லாம் இன்னும் இருக்கா என்றான், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான், கிண்டல்கூட இல்லை. அதுதான் வலித்தது. கடைசி நாலு வருஷத்துக்கு ரெஃபரன்ஸ் யார் தருவார்கள் என்று கேட்டான். என்னைத் தெரிந்த ஒரே ஆள் ஹெலன், அவருக்கு என்னைத் தெரியாது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சிரிக்கிறார்கள். நந்தகோபால் ஏதோ ஜோக் அடித்திருக்கிறான், நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்து வைக்கிறேன். ஹெலன் சிரிக்கவில்லை, குறித்துக்கொள்கிறார். போன் கால்களில் எப்போதும் அப்படித்தான், மற்றவர்கள் சிரித்து முடித்ததும் மெதுவாக ஒன்று கேட்பார், அதில் மொத்தக் கூட்டமும் விழித்துக்கொள்ளும். நேர்மையான மனுஷி. போன வாரம் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார், எங்கள் கம்பெனி சென்னையில் சொந்தமாக ஆபீஸ் திறக்கப்போகிறது, தரமணியில் இடம் பார்த்தாகிவிட்டது, இந்த சிஸ்டத்தை ஆதியோடந்தமாகத் தெரிந்தவன் நீ, முதல் ஆளாக நீ வர வேண்டும், நேரில் வரும்போது பேசுவோம். எனக்குக் காது அடைத்துவிட்டது. சொந்த ஆள். க்ளையன்ட்டின் சொந்த ஆள். ஷேடோ இல்லை, பெஞ்ச் இல்லை, என் பேரில் ஒரு மேஜை. என் பேரில், அதுதான் சிக்கல். போனை வைத்து மூச்சு விடுவதற்குள் நந்தகோபால் வந்து நின்றான். அவனும் அந்தக் காலில் மியூட்டில் இருந்து கேட்டிருக்கிறான், நாலு வருஷமாக எல்லாக் காலிலும் இருக்கிறான். "ஃபேமிலி ரீசன், இப்ப மாற முடியாதுன்னு சொல்லிடு. அடுத்த குவார்ட்டர்ல நிகில் ரிசைன் பண்ணிட்டான்னு நானே மெயில் போட்டு முடிச்சுடறேன். உன்னைப் புது ஆளா உள்ள கொண்டு வரேன், இந்தத் தடவை பிரமோஷன் கன்ஃபர்ம். உளறி வச்சே, அக்கவுன்ட் போயிரும், பதினாலு ஃபேமிலி. யோசிச்சுக்கோ." யோசித்தேன். நிகில் ராஜினாமா செய்த பிறகு நான் ஹெலனிடம் எந்தக் குரலில் பேசுவது என்றுகூட யோசித்தேன், பாருங்கள் புத்தி போகிற போக்கை. என் மனைவி சுகந்தியிடம் சொன்னால் சிரிப்பாள், இல்லை, இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. ஜூனில் பாப்பாவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது, ஒரு கையில் போனில் கால் ஓடுகிறது, இன்னொரு கையில் விண்ணப்பம், தகப்பனார் பெயர் என்ற இடத்தில் நிகில் என்று எழுதிவிட்டேன். டீச்சர் அதைப் படித்தாள், பிறகு ஆதார் அட்டையைப் பார்த்தாள். வெளியே வந்து சுகந்தி தெருவிலேயே நின்றாள். "நீங்க எழுதிட்டு நல்லா நிக்கிய. அந்த டீச்சர் என்னையில்லா மேலயும் கீழயும் பாக்கா." ஆட்டோவில் ஏறியும் வாயை மூடவில்லை, "எந்த ஊர்ல நடக்கும் இந்தக் கூத்து, தென்காசில சொன்னா வெளக்கமாத்த எடுப்பாவ." சரிதான். எடுக்கட்டும்.

தரமணி விஷயத்தை ஷகீலாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் என் நோட்பேடை இழுத்து எதையோ எழுதுவதுபோல் குனிகிறாள். பட்டுச்சேலை கசகசக்கிறது, பெண்கள் எல்லோரும் பட்டு கட்டி வர வேண்டும் என்று மெயில் வந்திருந்தது, அவள் நிக்காஹ் சேலையை எடுத்துக் கட்டி வந்திருக்கிறாள். "நந்தா அடுத்த மாசம் கனடால ஒரு பேங்க் ப்ராஜெக்ட்டுக்குப் போறாரு, தெரியுமா?" என்கிறாள் உதடு அசையாமல். "யார் சொன்னா?" "டிராவல் டெஸ்க்ல என் ஃப்ரெண்டு இருக்கா. குடும்பத்தோட விசா. இவங்க தரமணில ஆபீஸ் திறந்தா நம்ம கதை எப்படியும் குளோஸ்தானே, அவருக்குத் தெரியாதா." நிமிர்ந்து, அம்பைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். எனக்கு இது ஏன் தோன்றவில்லை. ஒரு வாரமாகப் பதினாலு குடும்பத்தையும் என் தலையில் சுமந்துகொண்டு திரிகிறேன். ஹெலன் சொந்தமாகக் கடை திறந்தால் எங்கள் கடை எதற்கு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அப்புறம் பெஞ்ச், அப்புறம் யாராவது க்ளையன்ட் வரும்போது ஃபார்மல் டிரஸ்ஸில் உட்கார்ந்து தட்ட வேண்டியதுதான். நான் வாயை மூடினால் பிழைப்பது நந்தகோபால் மட்டும். இது தெரிந்ததும் கோபம் வர வேண்டும். வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அப்படியென்றால் சொல்லலாம். சொன்னால் என்ன. ஹெலன், நான் நிகில் இல்லை, ஆனால் நீங்கள் கேட்கிற ஆள் நான்தான். புரிந்துகொள்வார். வேலை செய்தது இந்தக் கைதானே, பேர் எதுவானால் என்ன. இல்லை, அவர்கள் கம்பெனிக்குள் நாலு வருஷமாக இன்னொருத்தன் ஐடியில் போய்வந்திருக்கிறேன், அங்கே அதற்கு வேறு பேர். ஒவ்வொரு வருஷமும் பாதுகாப்புப் பரீட்சை வேறு எழுதினேன், உங்கள் பாஸ்வேர்டை யாருக்காவது தருவீர்களா, தர மாட்டேன், நூற்றுக்கு நூறு, நிகில் பேரில் சர்டிபிகேட். சொல்லாதே. சொல். எத்தனை நாள் இப்படி. விளக்கைப் போடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். ஐந்தாறு மேஜையைச் சேர்த்துப் போட்டு வாழையிலை விரித்திருக்கிறார்களாம், நுனி எந்தப் பக்கம் என்று கேட்டரிங்காரனோடு யாரோ சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டு நந்தகோபால் வெளியே ஓடுகிறான், ஓடுகிறபோது என்னை ஒரு பார்வை பார்க்கிறான். ஹெலன் ஓடவில்லை. பையை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்கிறார். இவ்வளவு கிட்டத்தில் வயதானவராக இருக்கிறார், கையில் நரம்பு தெரிகிறது. நிகில், என்கிறார் மெதுவாக. எங்கள் ஆட்களிடம் பேசி முடித்துவிட்டேன். உன் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட் நகல்களும் அனுப்பினால் போதும். நான் வாயைத் திறந்தேன். ஃபேமிலி ரீசன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவர், இரு, அதற்கு முன்னால் இன்னொன்று, நேரில் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், என்றார். உன் அப்பா இறந்தபோது நீ மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாய். என்னுடைய சிஸ்டத்துக்காக. வராதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரெண்டு வருஷமாக அது எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில், கீழப்புலியூர் வீட்டு மாடியில், கீழே பந்தல் பிரிக்கிற சத்தத்துக்கு நடுவே, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இவருடைய மெயிலைப் படித்தது நினைவுக்கு வந்தது. அன்புள்ள நிகில், உன் அப்பா உன்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார். எரித்துவிட்டு வந்தபோதுகூட அழவில்லை, அதைப் படித்துத்தான் அழுதேன், எவனோ ஒரு நிகிலின் அப்பாவுக்காக வந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டு. அவனுடைய அப்பா கோழிக்கோட்டில் நன்றாக இருக்கிறார். என் அப்பா பேரை இந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை. ஹெலன், என்றேன். என் பேர் நிகில் இல்லை.

சொல்லிவிட்டேன். அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ரெண்டு வாரம், ஒரு மாதம் ஃப்ரீ, ஐடி, ஷேடோ, நாலு வருஷத்தில் முதல்முறையாக இங்கிலீஷ் தடுமாறியது. அவர் என் முகத்தையும் அட்டையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார், அவ்வளவுதான், ஒரு சாண் இருக்கும். நான் எங்கள் சட்டத் துறையில் இதைச் சொல்லியாக வேண்டும், என்றார். புரிகிறதல்லவா. புரிகிறது என்றேன். இன்னொருவர் ஐடியில் உள்ளே வந்த யாரையும் நாங்கள் வேலைக்கு எடுக்க முடியாது. அது விதி. சரி என்றேன். குரலில் அந்தப் பழைய ஹெலன் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, கூப்பிட அவரிடம் பேர் எதுவும் மிச்சமில்லை. பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர் கதவு வரை போய் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நந்தகோபால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, வாங்க வாங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்.

உன் அப்பா, என்றார். அவர் நிஜமாகவே இறந்தாரா.

ஆமாம் என்றேன். ஆமாம், ஹெலன். அவர் தலையை ஆட்டினார், க்ளையன்ட்டுகள் ஸ்லைடைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி. நம்பவில்லை. நம்பாமல் இருப்பது அவர் தப்பில்லை, எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. நான் போனை எடுத்தேன். கேலரியில் எங்கே பார்த்தாலும் எரர் ஸ்கிரீன்ஷாட், எரர் ஸ்கிரீன்ஷாட், பாப்பா, எரர், சுகந்தி எங்கோ கோபமாக, மறுபடி எரர். சித்தப்பா மகன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா, கழுத்தில் ரோஜா மாலை, மூக்கில் பஞ்சு, பக்கத்தில் வேட்டி கட்டி நான் நிற்கிறேன், என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது, அது போதும், அதைக் காட்டினால் போதும். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம் என்று ஹெலன் சொல்வது கேட்டது. ஒரு நிமிஷம், ஹெலன், ஒரே நிமிஷம், இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.